மூன்றாம் விரல்

இரண்டு பக்கத்துக்குள் முடித்துக்கொடுங்கள் சார்
என்றார் பங்குச்சாமி.
ஜூபிலி மலர்.
நடுப்பக்கம் குடியாத்தம் நகைக்கடைக்குப் போய்விட்டதாம்.

சக்ரீஸ்து அலமாரியில் ஞானஸ்நானப் பதிவேடு.
கறையான் ஓரத்தைத் தின்று
பெயர்களை விட்டுவைத்திருந்தது.
தாது வருஷத்து மாசியில்
ஒரே நாளில் நாற்பத்தோரு பேர்.
கஞ்சித்தொட்டிக்கு நின்ற வரிசை
அப்படியே நகர்ந்து
இன்னொரு தொட்டிக்கு வந்திருக்கிறது.
பெண்கள் அத்தனை பேரும் மரியாள்.
மோரேல் சாமிக்கு வேறு பெயர் தோன்றவில்லையோ
நேரம்தான் இல்லையோ.
பதினேழு மரியாள்.
பங்குனிக்குள் பதினொரு மரியாளுக்கு நேரே
சின்னச் சிலுவை,
அதே மையில்.

மாதா வந்தது அதற்குப் பிறகு.
பிரெஞ்சு தேசத்துச் சுண்ணச் சுரூபம்.
கப்பல், ரயில், கடைசியில் மாட்டுவண்டி.
பாலாற்று மணலில் சக்கரம் இறங்கிப்
பெட்டி சரிந்தது.
உபதேசியார் ராயப்பன் வைக்கோலுக்குள் கைவிட
வலக்கையின் மூன்றாம் விரல்
தனியாக அவர் கையில் வந்தது.

அரக்கு நிற்கவில்லை. மெழுகு நிற்கவில்லை.
தோல் சீவலும் குளம்பும் கொதிக்கவைத்து
வச்சிரம் காய்ச்சிக் கொண்டுவந்தவன் பெயர் சின்னான்.
பீடத்தண்டை அவனை விட முடியாது.
ஆகவே
மாதாவை வாசலுக்குத் தூக்கிவந்தார்கள்.

வணக்கமாதம் முப்பத்தோராம் நாள் சப்பரம்.
கத்திரி கழிந்தும் சுவர் கொதிக்கிற ராத்திரி.
கோயில் தெரு, கடைத்தெரு,
தபாலாபீஸ், புளியமரம்.
புளியமரத்தில் திரும்பும்.
அப்பால் தோல் ஊறும் தெரு.
அங்கிருந்து மரத்தடிவரை வந்து
மெழுகுவர்த்தி கொடுத்துவிட்டுப் போகலாம்.
ஏன் என்று பதிவேட்டில் இல்லை.
திரும்பியது என்றுகூட இல்லை.

அறுபத்து நாலில் மழை.
எட்டுப் பேர் தோளில் சப்பரம்,
மேலே இடி,
கண்ணுக்குத் தெரிந்த ஒரே கூரை தோல் மண்டி.
ஓடினார்கள்.
மரத்தைத் தாண்டிவிட்டது
தாண்டின பிறகுதான் உறைத்தது.

ஈரத்தில் வச்சிரம் இளகும்.
விரல் கழன்று
உப்புத் தோல் குவியலுக்குள் விழுந்தது.
லாந்தரைப் பிடித்துக்கொண்டு தேடி எடுத்தது
ஏழு வயசு சவரியம்மா.
விடியும்வரை ஜெபமாலை.
விடிந்ததும் அவள் அப்பன் இன்னாசி
அடுப்பு மூட்டினான்.
இந்தமுறை வாசல் தேவைப்படவில்லை.
அவன் வேலைசெய்கிற இடத்தில்
அவள்தான் வந்து நின்றிருந்தாள்,
முக்காடு சொட்டச் சொட்ட.

மறுவருஷம் மழை இல்லை.
சப்பரம் வழக்கம்போலத் திரும்பப் பார்த்தது.
மரத்தடியில் குறுக்கே படுத்துக்கொண்டார்கள்,
பெண்கள் முதல் வரிசையில்.
பதினேழு மரியாள் இருந்தார்களா என்று எண்ண ஆளில்லை.
போலீஸ் வந்தது. மேற்றிராணியாரிடமிருந்து
மூன்று கடிதம் வந்தது.
இரண்டு வருஷம் கோயில் பூட்டு.
பூட்டின கதவுக்கு வெளியே
இரண்டு தெருவும்
வேறுவேறு மூலையில் நின்று
ஒரே அருள்நிறைந்த மந்திரம் சொன்னது.

நான் எழுதிக்கொடுத்தது நாலு பக்கம்.
மலரில் வந்தது:
“1967 முதல் தேர்ப்பவனி காலனிவரை நீட்டிக்கப்பட்டது.”
நீட்டிக்கப்பட்டது.
யாரும் நீட்டாமலே.

போன மாசம் சுரூபத்துக்குப் புதுப் பெயின்ட்.
வேலூரிலிருந்து வந்த பையன்
அந்த விரலுக்கு மட்டும் மூன்று கோட் அடித்தான்.
இன்னமும் கொஞ்சம் மஞ்சள்தான்.
மழை நாளில் கிட்டப்போய் நின்றால்
மாட்டுவாசம் வரும் என்கிறாள் சவரியம்மா.
நேற்றுத் தூறலில் போய் நின்றேன்.
எனக்கு மெழுகுவாசம் வந்தது,
பெயின்ட் வாசமும்.
தூறல் போதாது போலிருக்கிறது.